வீழ்ச்சி என்னும் தொழிற்பெயர்: ஒரு நீதிமன்றத் திரைப்படமும் அதன் மொழியும்

நீதிமன்றத் திரைப்படம் எண்ணிப் பார்க்குங்கால் விந்தையானதொரு வகையாகும். திரைக்கலை கண்ணுக்குரிய கலை என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இவ்வகைப் படத்திலோ, கண்ணால் காண்பதற்குரிய நிகழ்ச்சி கதை தொடங்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. பல வேளைகளில் அது நமக்குக் காட்டப்படுவதும் இல்லை. எஞ்சியிருப்பவை ஓர் அறை, சில இருக்கைகள், மாறி மாறி எழுந்து பேசும் மனிதர் சிலர். ஆயினும் இரண்டரை மணி நேரம் நாம் அசையாமல் அமர்ந்திருக்கிறோம். ஏன் என்று கேட்டால் கதைத் திருப்பங்களையும் நடிப்பையும் காரணமாகச் சொல்வர். மொழியியல் பயின்ற நமக்கு அவ்விடை போதவில்லை. பேச்சைத் தவிர வேறொன்றும் நிகழாத ஓரிடத்தில் நம்மைப் பிடித்து நிறுத்துவது பேச்சாகத்தான் இருத்தல் வேண்டும். ஆகவே அப்பேச்சின் இலக்கணத்தைச் சற்றே பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக ஒரு படத்தை மட்டும் கொள்கிறோம். 2023ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதையும், அடுத்த ஆண்டு சிறந்த மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதையும் பெற்ற பிரெஞ்சுப் படம் அது. ஆங்கிலத்தில் ‘அனாட்டமி ஆஃப் எ ஃபால்’ என்று வழங்குகிறது. ‘ஒரு வீழ்ச்சியின் உடற்கூறு’ என்று தமிழாக்கலாம். ஜுஸ்டின் திரியே இயக்கினார். ஆர்தர் ஹராரியும் அவரும் இணைந்து எழுதினர். படத்தைக் காணாதவர்கள், முடிவு வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சவேண்டா. தீர்ப்பு முன்னரே தெரிந்திருந்தாலும் இப்படத்தின் ஈர்ப்புக் குறைவதில்லை என்பதே நம் கட்சி.

கதை சுருக்கமானது. பிரான்சில் கிரெனோபிள் நகரத்தை அடுத்த ஆல்ப்சு மலைப்பகுதியில் ஒரு தனித்த வீடு. அங்கே ஜெர்மானிய எழுத்தாளர் சாண்ட்ரா, அவருடைய பிரெஞ்சுக் கணவர் சாமுவேல், பார்வைக் குறையுள்ள பதினொரு வயது மகன் டேனியல் ஆகியோர் வாழ்கின்றனர். ஒரு நாள் நாயுடன் உலாவச் சென்று திரும்பும் சிறுவன், வீட்டின் முன்னே பனியில் தந்தை இறந்து கிடப்பதைக் கண்டுகொள்கிறான். மேல்தளத்திலிருந்து வீழ்ந்திருக்கிறார். அவ்வேளையில் வீட்டுக்குள் இருந்தவர் சாண்ட்ரா ஒருவரே. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் அவர் கொலைக்குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நிற்கிறார். வீழ்ந்த கணத்தைப் படம் இறுதிவரை காட்டுவதே இல்லை.

தலைப்பைக் கவனியுங்கள். ‘வீழ்ச்சி’ ஒரு தொழிற்பெயர். தொழிற்பெயர் காலம் காட்டாது; படர்க்கையில் மட்டுமே வரும்; தன்னளவில் வினைமுதல் யார் என்பதையும் சொல்லாது. ‘சாமுவேலின் வீழ்ச்சி’ என்றால் அவர் கால் இடறி விழுந்தாரா, தாமே குதித்தாரா, பிறரால் வீழ்த்தப்பட்டாரா என்பது அச்சொல்லுக்குள் இல்லை. 1959இல் வெளிவந்த ஆட்டோ பிரெமிஞ்சரின் ‘அனாட்டமி ஆஃப் எ மர்டர்’ என்னும் புகழ்பெற்ற நீதிமன்றப் படத்தின் தலைப்பை இது நினைவூட்டுகிறது. அங்கே ‘கொலை’ என்ற சொல் வருகிறது. கொலை என்றவுடனே கொன்றவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அச்சொல்லிலேயே குற்றச்சாட்டு அடங்கியிருக்கிறது. ‘வீழ்ச்சி’ அவ்வாறன்று. பிரெஞ்சுத் தலைப்பிலுள்ள சொல்லும் இத்தகைய பெயர்ச்சொல்லே.

நீதிமன்றத்துக்கோ தொழிற்பெயர் உதவாது. அதற்கு வினைமுற்று வேண்டும், எழுவாய் வேண்டும். விழுந்தார் என்னும் தன்வினையா, வீழ்த்தினார் என்னும் பிறவினையா? குருதித் தெறிப்பை ஆய்ந்த வல்லுநர் இருவர் படத்தில் முரண்பட்ட சாட்சியம் தருகின்றனர். தலையில் தாக்குண்ட பின்னரே சாமுவேல் வீழ்ந்தார் என்பது ஒருவர் கருத்து. வீழும்போது கீழேயிருந்த கொட்டகைக் கூரையில் தலை மோதியது என்பது மற்றவர் கருத்து. கொட்டகைச் சுவரில் உள்ளவை அதே மூன்று குருதித் துளிகள்தாம். இருவரும் அவற்றுக்கு வெவ்வேறு வினைமுற்றுச் சூட்டுகின்றனர். ‘மரமோ, மனிதனோ’ என்று நம் உரையாசிரியர்கள் ஐய வினாவுக்கு எடுத்துக்காட்டுத் தருவதுண்டு. இப்படம் முழுவதும் ‘விழுந்தாரோ, வீழ்த்தப்பட்டாரோ’ என்னும் நீண்டதோர் ஐய வினாவே.

வினா என்றதும் நன்னூலை நினையாதிருக்க இயலவில்லை. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்று ஆறு வகை கற்பிக்கிறோம். ஆசிரியர் தாம் அறிந்ததையே மாணவனிடம் கேட்பது அறிவினா. மாணவன் அறியாததைக் கேட்பது அறியாவினா. வழக்கறிஞரின் வினா இவற்றுள் எது? விடையை அவர் அறிவார். அல்லது அறிந்ததாகக் காட்டிக்கொள்கிறார். ஆசிரியரின் அறிவினா மாணவனுக்குத் தெரியுமா என்று சோதிப்பதற்காகக் கேட்கப்படுகிறது. வழக்கறிஞரின் அறிவினாவோ மூன்றாமவர் ஒருவர் கேட்கவேண்டும் என்பதற்காகக் கேட்கப்படுகிறது. வினா சாட்சியை நோக்கிச் செல்கிறது. பொருளோ நீதிபதியையும் ஜூரிகளையும் சென்றடைகிறது. திரையரங்கில் இருக்கும் நாம் அந்த மூன்றாமவரின் இருக்கையில் அமர்த்தப்படுகிறோம். நீதிமன்றப் படத்தின் ஈர்ப்பில் பெரும்பகுதி இவ்விருக்கையிலிருந்து வருவது என்பது நம் கருத்து. பிறர் உரையாடலை ஒட்டுக்கேட்பவராக ஏனைய படங்கள் நம்மை வைக்கின்றன. இங்கே எல்லாப் பேச்சும் நமக்காகவே பேசப்படுகிறது.

தமிழில் வினா எழுத்தாகிய ‘ஆ’ வாக்கியத்துள் இடம்மாறக் கூடியது என்பதை இங்கு நினைவுகூர்வோம். ‘நீங்கள் நேற்று அவரை அடித்தீர்களா?’ என்பதில் அடித்தது உண்மையா என்பதே கேள்வி. ‘நீங்கள் நேற்றா அவரை அடித்தீர்கள்?’ என்றால் அடித்தது முடிந்த செய்தியாகிவிடுகிறது. நாள் மட்டுமே கேள்வி. ‘நீங்களா அவரை அடித்தீர்கள்?’ என்றால் யாரோ அடித்தது உறுதி; ஆள் மட்டுமே ஐயம். ஒரே ஓர் உயிரெழுத்தை நகர்த்தியவுடன், நிறுவப்படாத ஒன்று நிறுவப்பட்டதுபோல் வினாவுக்குள் புகுந்துகொள்கிறது. இவ்வாறு புகுந்துகொள்ளும் பொருளை மொழியியலார் முற்கோள் என்பர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நிலவும் ஆங்கிலேய மரபுச் சட்டம், தன் தரப்புச் சாட்சியிடம் விடையை உள்ளடக்கிய வினாவைக் கேட்பதற்குப் பொதுவாக இடந்தருவதில்லை. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கையில் இடந்தருகிறது. சட்டம் இயற்றியோர் வினாவின் இலக்கணத்தை நன்கறிந்திருந்தனர்.

பிரான்சின் முறை வேறு. கொடுங்குற்றங்களை விசாரிக்கும் நீதிமன்றத்தில் முதல்நிலை விசாரணையின்போது நீதிபதிகள் மூவரும் பொதுமக்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட ஜூரிகள் அறுவரும் ஒன்றாக அமர்வர். தலைமை நீதிபதியே முதலில் வினவுவார். குற்றஞ்சாட்டப்பட்டவரும் இடையிடையே பேசலாம். ஆகவே இப்படத்தில் நாம் காண்பது ஒழுங்காக மாறி மாறி நடக்கும் வினாவிடையன்று, பலமுனை வாக்குவாதம். ஆங்கிலப் படங்களில் பழகிய கண்ணுக்கு அது சற்றே ஒழுங்கற்றதாகத் தோன்றக்கூடும். ஜூரி முறை இங்குள்ள இளையோர்க்குப் புதிது என்பதால் ஒரு குறிப்பு: சிங்கப்பூர் 1969இல் இயற்றிய சட்டத்தால் அதனை ஒழித்தது, மலேசியாவில் 1995இல் முற்றாக மறைந்தது.

தமிழ்ப் படங்களின் நீதிமன்றக் காட்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஓரிரு வரிகளில் சொல்லி அப்பால் செல்வோம். 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் இறுதிக் காட்சி நம் செவிகளைப் பழக்கிய காட்சி. கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடலைச் சிவாஜி கணேசன் பேச, குற்றக்கூண்டு மேடையாகிறது. அங்கே நிற்பவர் மொழியின் மீது முழு ஆட்சி உடையவர். அவர் பேசப் பேச நீதிமன்றமே குற்றவாளியாகிறது. அக்காட்சியின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் உண்மையான குற்றக்கூண்டுகளில் நிற்போர் பெரும்பாலும் அத்தகையோர் அல்லர். சொல் கிடைக்காமல் தடுமாறுவோரே அங்கு மிகுதி. பிரெஞ்சுப் படம் அந்தத் தடுமாற்றத்தையே நாடகமாக்குகிறது.

சாண்ட்ராவின் தாய்மொழி ஜெர்மன். கணவரின் தாய்மொழி பிரெஞ்சு. வீட்டில் இருவரும் ஆங்கிலம் பேசுகின்றனர். அம்மொழி இருவருக்கும் சொந்தமன்று. நீதிமன்றத்தில் சாண்ட்ரா தொடக்கத்தில் பிரெஞ்சில் விடையளிக்க முயல்கிறார். அவருடைய பிரெஞ்சு சந்தைக்கும் பள்ளிக்கூட வாயிலுக்கும் போதுமானது; மணவாழ்வின் சிக்கலை விளக்கப் போதுமானதன்று. ஓரிடத்தில், இதற்கு மேல் இயலவில்லை என்ற நிலையில் ஆங்கிலத்துக்கு மாறுகிறார். மாறியவுடன் ஆளே மாறுகிறார்: வாக்கியங்கள் நீள்கின்றன, குரல் உறுதிப்படுகிறது. பிரெஞ்சில் பேதைபோலத் தோன்றியவர் ஆங்கிலத்தில் கூர்மதியுடையவராகத் தோன்றுகிறார். இக்கூர்மையே அவர்மீது ஐயத்தை வளர்க்கவும் கூடும். தடுமாறினால் மறைக்கிறார் என்பர். தெளிவாகப் பேசினால் ஆயத்தம் செய்துகொண்டு வந்திருக்கிறார் என்பர். இரண்டாம் மொழியில் மாணவரை மதிப்பிடும் ஆசிரியர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அவன் அறியாததனால் பேசவில்லையா, மொழி வாய்க்காததனால் பேசவில்லையா என்பதை ஒவ்வொரு வாய்மொழித் தேர்விலும் நாம் தீர்ப்பளித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இது பிரெஞ்சு மலைநாட்டுக்கு மட்டும் உரிய இடர்ப்பாடன்று. நம் நாட்டு நீதிமன்றங்களிலும் தமிழில் மட்டுமே பேசத் தெரிந்தோர் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் சாட்சியம் அளிக்கின்றனர். ஒருவர் ‘தெரியாமல் தள்ளிவிட்டேன்’ என்று கூறுவதாகக் கொள்வோம். இங்குத் ‘தெரியாமல்’ என்பதற்கு அறியாமல் என்ற நேர்ப்பொருள் இல்லை. எண்ணமின்றி, கைதவறி என்பதே பொருள். ‘விடு’ என்னும் துணைவினை, செயல் தம் கையை மீறியதையும் அதற்காக அவர் வருந்துவதையும் குறிப்பாக உணர்த்துகிறது. இதனைச் சொல்லுக்குச் சொல்லாகப் பெயர்த்து, துணைவினைக்கு ஈடில்லை என்று விட்டுவிட்டால், ‘தள்ளினேன்’ என்ற ஒப்புதல் மட்டுமே ஏட்டில் பதியும்.

எதிர்மறை வினா இன்னும் இடர்மிக்கது. ‘நீங்கள் அவரைத் தள்ளவில்லையா?’ என்று கேட்டால், ‘ஆமாம்’ என்று விடையிறுக்கும் தமிழர் ‘நீங்கள் சொல்வது சரி, தள்ளவில்லை’ என்ற பொருளில் கூறியிருக்கக்கூடும். அந்த ‘ஆமாம்’ ஆங்கிலத்தில் ‘யெஸ்’ ஆனால் தள்ளியதாகப் பொருள்படும். எதிர்மறையை மறுத்து உடன்பாடு கூறுவதற்கென்று பிரெஞ்சில் ‘சி’ என்றும் ஜெர்மனில் ‘தோக்’ என்றும் தனிச்சொற்கள் உள்ளன. இன்றைய ஆங்கிலத்தில் அத்தகைய சொல் இல்லை. சாண்ட்ரா தம் மொழியை விட்டு ஆங்கிலத்தில் ஒதுங்கியபோது இத்தகைய எத்தனை சிறு கருவிகளை வாயிலுக்கு வெளியே விட்டுவந்தாரோ! படம் இதனைப் பேசவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நமக்குத் தோன்றியது.

விசாரணையின் நடுவே ஓர் ஒலிப்பதிவு வெளிப்படுகிறது. இறப்பதற்கு முந்தைய நாள் கணவன் மனைவியரிடையே நடந்த பூசலைச் சாமுவேலே பதிவுசெய்து வைத்திருக்கிறார். அது நீதிமன்றத்தில் ஒலிக்கத் தொடங்கியதும், திரை நம்மை வீட்டின் சமையலறைக்கு அழைத்துச்செல்கிறது. இருவரையும் நாம் காண்கிறோம். பூசலின் பொருள்களுள் ஒன்று மொழியே. இவ்வீட்டில் எல்லாம் உன் விருப்பப்படி, பேசும் மொழியும் அப்படியே என்பது கணவரின் குறை. ஆங்கிலம் எனக்கும் தாய்மொழியன்று, நாம் சந்திப்பதற்கான பொதுவிடம் அது என்பது மனைவியின் மறுமொழி. குரல்கள் உயர்ந்து, கைகலப்புத் தொடங்கும் கணத்தில் படம் சட்டென்று நீதிமன்றத்துக்குத் திரும்பிவிடுகிறது. கண்ணாடி உடையும் ஓசை, அடி விழும் ஓசை, ஒலி மட்டுமே. முகங்கள் அனைத்தும் அசையாமல் கேட்கின்றன. சொற்களுக்குக் காட்சி தந்த இயக்குநர், செயல் வந்தவுடன் காட்சியைப் பறித்துக்கொள்கிறார். படத்தின் உயிர்நிலை இவ்விடம்தான் என்போம். யார் யாரை அடித்தார் என்பதை இனிச் சாண்ட்ரா சொற்களால்தான் சொல்லியாக வேண்டும். கன்னத்தில் அறைந்தது நான், கண்ணாடிக் குவளையை எறிந்தது நான், மற்ற அடிகள் அவர் தம்மையே அடித்துக்கொண்டவை என்கிறார். ஓசைக்கு எழுவாய் சூட்டும் வேலை மீண்டும் தொடங்குகிறது. தம் கையிலிருந்த கன்றல் காயத்தைப் பற்றி அவர் முன்பு பொய் சொல்லியிருந்ததும் இப்போது வெளிப்பட்டிருப்பதால், அவர் சூட்டும் எழுவாயை நம்புவது எளிதாக இல்லை.

சாமுவேலின் உளநல மருத்துவர் சாட்சியம் அளித்தபோது சாண்ட்ரா குறுக்கிட்டு, நீங்கள் கேட்டது எங்கள் வாழ்வின் சிறு பகுதி மட்டுமே என்கிறார். இது குறிக்கத்தக்கது. மருத்துவர் பொய் சொல்லவில்லை. தமக்குச் சொல்லப்பட்டதைத்தான் சொன்னார். ஆங்கிலேய மரபுச் சட்டம் செவிவழிச் சான்றைப் பொதுவாக விலக்கி, பல விதிவிலக்குகளுடன் ஏற்கிறது. பிரெஞ்சு முறையில் சான்றுகளுக்கு அத்தகைய வேலியில்லை. ஆகவேதான் அரசுத் தரப்பு வழக்கறிஞர் சாண்ட்ரா எழுதிய நாவலிலிருந்தும் ஒரு பகுதியைப் படித்துக்காட்ட முடிகிறது. கதைமாந்தர் நினைத்ததைக் கதாசிரியர் நினைத்ததாகக் கொள்ளலாமா என்னும் இலக்கிய வகுப்பறை வினா, அங்கே ஒருவரின் சிறைவாழ்வை முடிவுசெய்யும் வினாவாகிவிடுகிறது.

இறுதிச் சாட்சி மகன். தந்தையின் மரணத்துக்குச் சில மாதங்கள் முன்பு நாய் நோயுற்றிருந்தது. அதனைக் காரில் மருத்துவரிடம் கொண்டுசென்ற வழியில், நாய் ஒரு நாள் இறந்துவிடும், அதற்கு நீ ஆயத்தமாக இருக்கவேண்டும் என்று தந்தை பேசினார் என்கிறான் டேனியல். அன்று அவர் நாயைப் பற்றிப் பேசவில்லை, தம்மைப் பற்றியே பேசினார் என்று இப்போது தனக்குப் புரிகிறது என்றும் சேர்க்கிறான். இக்காட்சியில் காருக்குள் தந்தையைப் பார்க்கிறோம். அவர் உதடுகள் அசைகின்றன. வருவதோ சிறுவனின் குரல். பூசல் காட்சியில் அவரவர் உதட்டில் அவரவர் குரல் இருந்தது. அது நேர்கூற்று, ஏனெனில் பதிவு இருந்தது. இங்கே பதிவு இல்லை. உருவம் நேர்கூற்றாகவும் குரல் அயற்கூற்றாகவும் ஒரே சட்டகத்துள் இணைகின்றன. நேர்கூற்றையும் அயற்கூற்றையும் வகுப்பில் மாற்றி எழுதச் சொல்லி மதிப்பெண் இடுகிறோமே, அப்பாடத்தை இதனினும் தெளிவாக விளக்கிய காட்சியை நாம் திரையில் கண்டதில்லை.

அச்சொற்களைச் சாமுவேல் உண்மையிலேயே கூறினாரா, தாயைக் காக்க மகன் புனைந்தானா என்பதற்குப் படம் விடை தரவில்லை. இது அகவயமான கூற்று, சான்றாகாது என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் மறுக்கிறார். ஆயினும் சாண்ட்ரா விடுதலை பெறுகிறார். பிரெஞ்சுச் சட்டம் ஜூரிகளிடம், எச்சான்றால் நம்பினீர் என்று கேட்பதில்லை. உள்ளத்தில் உறுதி பிறந்ததா என்று மட்டுமே கேட்கிறது. சாட்சியம் சொல்வதற்கு முன்பு, தன் தவிப்பைக் கூறும் டேனியலிடம், நீதிமன்றம் அனுப்பிய பாதுகாவலர் பெண், தீர்மானிக்கப் போதிய செய்தி இல்லாதபோது ஒரு பக்கத்தை நாமே தேர்ந்துகொள்ளத்தான் வேண்டும் என்ற பொருள்பட அறிவுரை கூறியிருந்தார். சாண்ட்ராவாக நடித்த சாண்ட்ரா ஹ்யூலருக்கும், தம் பாத்திரம் குற்றவாளியா இல்லையா என்பது சொல்லப்படவில்லை. குற்றமற்றவராக நடிக்குமாறு மட்டுமே இயக்குநர் கூறினார்.

தமிழில் ‘மழை பெய்கிறது’ என்பதும் ‘மழை பெய்கிறதாம்’ என்பதும் வேறு. ஈற்றில் ஒட்டும் ‘ஆம்’, செய்தியை நான் கண்டறியவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன், பொறுப்பு என்னுடையதன்று என்று உரைக்கிறது. அண்மையில் ஆசிரியர் பயிலரங்கு ஒன்றில் இக்காட்சியைத் திரையிட்டு, டேனியலின் சாட்சியத்தை மூன்று வாக்கியங்களில் எழுதித் தருமாறு கேட்டோம். பெரும்பாலோர் ‘தந்தை சொன்னார்’ என்று எழுதினர். சிலர் ‘தந்தை சொன்னாராம்’ என்று எழுதியிருந்தனர். ஒருவர் ‘தந்தை சொன்னதாக மகன் சொன்னான்’ என்று எழுதினார். மூன்றும் இலக்கணப்படி சரியே என்றோம். ‘சொன்னார்’ என்று எழுதியவர் அச்சிறுவனை நம்பிவிட்டார் என்று ‘சொன்னாராம்’ என்று எழுதியவர் குற்றஞ்சாட்ட, ‘நீங்கள் மட்டும் நம்பாமல் இருப்பதற்கு என்ன சான்று?’ என்று மற்றவர் கேட்க, தேநீர் வேளை வந்தும் எவரும் எழுந்திருக்கவில்லை.